தடையிலிருந்து டேட்டா கார்டு வரை: கல்லூரிக் கைபேசி பற்றி சில குறிப்புகள்

2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு உத்தரவு போட்டது. ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, கையில்லாத மேலாடையும் இறுக்கமான உடையும் கூடாது. கூடவே இன்னொன்று: வளாகத்துக்குள் செல்போன் கூடாது. அப்போதைய துணைவேந்தர் டி. விஸ்வநாதன். பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும் என்றார்கள். டிவியில் விவாதம் ஓடியது. பெரும்பாலும் ஜீன்ஸைப் பற்றித்தான். செல்போன் தடையைப் பற்றிப் பெரிய பேச்சே இல்லை.

அப்படியே 2021 ஜனவரிக்கு வருவோம். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆன்லைன் வகுப்புக்காக 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரைக்கும் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம், எல்காட் மூலமாக சிம் கார்டு வரும் என்று. அடுத்த மாதமே அதே அண்ணா பல்கலைக்கழகம், மாணவர்களை அவரவர் வீட்டில் கேமரா முன்னால் உட்கார வைத்து செமஸ்டர் தேர்வு நடத்தியது.

பதினைந்து வருஷத்தில் செல்போன் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்து வகுப்பறையாகவும் தேர்வுக் கூடமாகவும் மாறிவிட்டது. நடுவில் ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் காலேஜ் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்கலாம்: "எப்பப் பாரு போன்லயே இருக்கான், மார்க் எப்படி வரும்?"

இந்தக் கேள்விக்கு யாராவது ஒழுங்காகப் பதில் தேடியிருக்கிறார்களா என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நாவல், அப்புறம் சினிமா

இந்தக் கவலை செல்போனோடு பிறந்தது கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நாவல் இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல்கள் சுடச்சுட விற்ற காலம். பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு நாவல் படிக்கிற பையன்களைப் பற்றியும், நாவல் படிக்கிற பெண்களைப் பற்றியும் பெரியவர்கள் புலம்பினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' புத்தகத்தைப் படித்தால் அந்தக் காலத்துச் சூழல் நன்றாகப் பிடிபடும். இன்றைக்கு நம் வீட்டுப் பையன் கையில் ஒரு நாவலைப் பார்த்தால் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம்!

அடுத்து சினிமா. 1927-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு திரைப்படக் கமிட்டி அமைத்தது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பி 1,491 பதில்கள் வாங்கினார்கள், 353 பேரை நேரில் விசாரித்தார்கள். இளைஞர்கள் மனசை சினிமா கெடுக்கிறதா என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. இன்றைய அளவுகோலுக்கே அது பெரிய சர்வே. ஆனால் அவர்கள் திரட்டியது முழுக்க அபிப்பிராயம். வாரம் மூணு சினிமா பார்த்தவன் மார்க்கையும் சினிமாவே பார்க்காதவன் மார்க்கையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நம்ம பக்கத்தில் இதற்கு வேறு ஒரு விடையும் இருந்தது. அதற்குப் பேர் விடுதி. ஜார்ஜ் டவுனின் சந்தடியில் நூறு வருஷம் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்து (1931) ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதி வாழ்க்கையை நடுவில் வைத்துக் கட்டின கல்லூரி அது. சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து விளையாடி, ஆசிரியர்களும் அதே வளாகத்தில் வாழ்ந்து நடக்கிற படிப்பு. யாரோடு பழகுகிறோம் என்பது படிப்பின் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள் கட்டிய இடம். இந்த விஷயம் பின்னால் ஒரு இடத்தில் வேலைக்கு ஆகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களுக்கு அப்புறம் கதை மாறியது. வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று ஜிஎஸ்டி சாலை நெடுக பொறியியல் கல்லூரிகள் வந்தன. படிக்க வந்தவர்களில் பெரும் பகுதி டே ஸ்காலர். காலையில் ரயில், காலேஜ் பஸ், சாயங்காலம் வீடு. பழக்கம் எல்லாம் ரயில் பெட்டியிலும் கேன்டீனிலும். இவர்கள் கைக்குத்தான் முதலில் எஸ்எம்எஸ் வந்தது, அப்புறம் மற்றதெல்லாம்.

2005-ல் எதைத் தடுத்தார்கள்?

என் செட் பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆன நேரம் அது. நாங்கள் படிக்கும்போது சமூக ஊடகம் என்றால் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது முப்பது ரூபாய் கொடுத்து யாஹூ சாட் ரூமில் உட்காருவது. காசு தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். அதைவிட நல்ல ஸ்கிரீன் டைம் ஆப் இன்று வரைக்கும் யாரும் எழுதவில்லை!

2005-ல் மாணவர் கையில் இருந்தது பெரும்பாலும் நோக்கியா 1100 ரகம். டார்ச் உண்டு, பாம்பு விளையாட்டு உண்டு, இன்டர்நெட் கிடையாது. 2004 ஜனவரியில் தொடங்கின ஆர்குட் இந்தியாவில் பரவிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு கம்ப்யூட்டர் வேண்டும். அப்படியானால் பல்கலைக்கழகம் எதைத் தடுத்தது? உடைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து ஒரே மூச்சில் வந்ததே ஒரு விடை. அது ஒழுக்கத்துக்கான தடை. கேமரா போன் பயமும் சேர்ந்திருந்த காலம். 2004 கடைசியில் டெல்லியில் பள்ளி மாணவர்கள் தொடர்பான ஒரு வீடியோ நாடு முழுக்க சுற்றி, அதை விற்பனைக்குப் போட்ட இணையதளத்தின் தலைமை நிர்வாகி கைதாகும் வரைக்கும் போனது. வகுப்பில் கவனம் சிதறுகிறதா, மார்க் குறைகிறதா என்பது அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை.

மும்பை ஐஐடி 2007-ல் செய்தது கொஞ்சம் வேறு. ராத்திரி 11 மணியிலிருந்து மறுநாள் மதியம் 12.30 வரைக்கும் விடுதி அறைகளில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். காலை வகுப்புக்கு ஆள் வரவில்லை, யாரும் யாரோடும் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கே ஒழுக்கம் பின்னால் போய், தூக்கமும் வருகைப் பதிவும் முன்னால் வருகிறது. பிரச்சினையைச் சரியான இடத்தில் தொட்ட முதல் முயற்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

அமெரிக்காவில் அளக்க ஆரம்பித்தார்கள்

இதே காலத்தில் ஃபேஸ்புக் பிறந்த ஊரில் கேள்வி எண்களாக மாறியது. 2009-ல் ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரின் கார்பின்ஸ்கி 219 மாணவர்களிடம் கேட்டு ஒரு சின்ன ஆய்வு செய்தார். ஃபேஸ்புக் வைத்திருப்பவர்களின் ஜிபிஏ 3.0 முதல் 3.5, இல்லாதவர்களுக்கு 3.5 முதல் 4.0. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அடுத்த மாதமே ஜோஷ் பாசெக், இயன் மோர், எஸ்தர் ஹர்கிட்டாய் என்ற மூன்று பேர் பெரிய தரவுகளை எடுத்துப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை என்று மறுப்பு எழுதினார்கள். மறுப்பு செய்தி ஆகவில்லை.

2012-ல் ரெய்னால் ஜுன்கோ 1,839 மாணவர்களை எடுத்துக்கொண்டார். ஜிபிஏவை மாணவரிடம் கேட்காமல் கல்லூரிப் பதிவிலிருந்தே எடுத்தார். சராசரியாக அவர்கள் ஃபேஸ்புக்கில் இருந்ததாகச் சொன்னது நாளைக்கு 106 நிமிஷம். அதற்கு மேலே ஒவ்வொரு 93 நிமிஷத்துக்கும் ஜிபிஏ 0.12 குறைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலுக்கு அரை பாயின்ட் குறைய வேண்டும் என்றால், சராசரிக்கு மேலே இன்னும் ஆறரை மணி நேரம் உட்கார வேண்டும். தொடர்பு இருக்கிறது, ஆனால் அம்மாக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஃபேஸ்புக்கில் என்ன செய்கிறார்கள் என்றும் பிரித்துப் பார்த்தார் ஜுன்கோ. லிங்க் பகிர்கிறவர்களுக்கு மார்க் கொஞ்சம் கூடவே இருந்தது, ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் குறைந்தது. கொஞ்சம் கழித்து, மாணவர்கள் சொல்கிற நேரத்தையும் கம்ப்யூட்டரில் மென்பொருள் வைத்து அளந்த நேரத்தையும் அவரே ஒப்பிட்டார். சொன்னது நிஜத்தைவிடப் பல மடங்கு அதிகம்! "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சமூக ஊடகம் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேள்வித்தாள் கொடுத்து, நூறு இருநூறு பேரிடம் பதில் வாங்கி, சதவீதம் போட்டு முடிக்கிற ஆய்வுகள் நம் ஊரிலும் வருஷா வருஷம் வருகின்றன. அவற்றின் அஸ்திவாரமே ஆடுகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போனால் மார்க் குறைந்ததா, மார்க் குறைந்த வருத்தத்தில் போனுக்குப் போனானா? என் வேலையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு புது வசதியைப் பாதிப் பயனர்களுக்கு மட்டும் கொடுத்து, மீதிப் பேரோடு ஒப்பிடுவோம். கல்லூரிகளில் அதை யார் செய்வார்கள்?

ஃபேஸ்புக்கே செய்திருக்கிறது, தெரியாமல். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கி, எல்லோருக்கும் திறந்துவிட்ட 2006 செப்டம்பர் வரைக்கும், கல்லூரி கல்லூரியாகத்தான் அது பரவியது. ஒரு கல்லூரிக்கு இந்த செமஸ்டர் வந்தது, பக்கத்துக் கல்லூரிக்கு அடுத்த செமஸ்டர். லூக்கா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்ஸி மகாரின் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 775 கல்லூரிகளில் ஃபேஸ்புக் நுழைந்த தேதிகளையும், அதே வருஷங்களில் மாணவர்களிடம் எடுத்த உடல்நல சர்வேயையும் பொருத்திப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான ஆய்வு. ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் கடுமையான மனச்சோர்வு 7 சதவீதம் கூடியது, பதற்ற நோய் 20 சதவீதம். மனநிலை சரியில்லாததால் படிப்பு கெட்டது என்று சொன்னவர்களும் கூடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் தேதி. அந்தக் காலத்து ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீட் கிடையாது, லைக் பட்டன் கிடையாது, முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகிற வீடியோவும் கிடையாது. பெரும்பாலும் மேசைக் கம்ப்யூட்டரில் பார்த்தது. இன்று நாம் குற்றம் சொல்கிற எதுவுமே இல்லாமல் பாதிப்பு வந்திருக்கிறது. ஆசிரியர்கள் சொல்கிற காரணம் ஒப்பீடு. அவன் சந்தோஷமாக இருக்கிறான், நான் இல்லை. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்கள், நேரில் நட்பு வட்டம் சின்னதாக இருந்தவர்கள், வசதி குறைந்தவர்கள்.

தாம்பரம் விடுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். பக்கத்து அறைப் பையனோடு தினமும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்கு, அவன் போட்டோவில் சிரிப்பது வேறு, நேரில் எப்படி இருக்கிறான் என்பது வேறு என்று தெரியும். போட்டோவை மட்டும் பார்க்கிறவனுக்கு அது தெரிய வழி இல்லை. ஜிஎஸ்டி சாலையில் நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வகை.

தமிழ்நாட்டில் வந்த மூன்று அலை

இங்கே என்ன நடந்தது? முதல் அலை 2011 செப்டம்பர் 15, இலவச மடிக்கணினித் திட்டம். ஜெயலலிதா அரசு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்குக் கொடுத்தது. வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அதுவாக இருந்த குடும்பங்கள் ஏராளம். அதே மாதக் கடைசியில் டிராய் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்தது. விளம்பரத் தொல்லையைத் தடுக்க வந்த விதிதான், ஆனால் அலறியது கல்லூரி மாணவர்கள். எஸ்எம்எஸ் பூஸ்டர் பேக் போட்டு ராத்திரி முழுக்கப் பேசினவர்களுக்கு நூறு எந்த மூலைக்கு? இரண்டே மாதத்தில் வரம்பு 200 ஆனது. வாட்ஸ்அப் பரவினதும் அந்தக் கவலையே இல்லாமல் போனது.

இரண்டாவது அலை 2016 செப்டம்பர் 5. ஜியோ வந்தது, முதல் சில மாதங்களுக்கு எல்லாம் இலவசம். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த தலைமுறை ஒரே மாதத்தில் எண்ணுவதை நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடின மாணவர்களைக் கூட்டியது ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். அதற்கு முந்தைய 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் யாருக்குப் படகு வேண்டும், யாருக்குப் பால் வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்பியவர்களிலும் காலேஜ் பிள்ளைகள் நிறைய. இதற்கெல்லாம் மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது.

மூன்றாவது அலை கொரோனா. அலை என்பதைவிட அணை உடைந்தது என்று சொல்லலாம். 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றைக்கு மீம் பக்கங்கள் கொண்டாடின கொண்டாட்டம் ஞாபகம் இருக்கும். ஏஐசிடிஇ ஆட்சேபம் தெரிவித்தது, முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள், 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தேர்வு இல்லாத தேர்ச்சியை ஏற்க முடியாது என்றது. நடுவில் வந்ததுதான் நான் முதலில் சொன்ன டேட்டா கார்டும் கேமரா தேர்வும். அந்தத் தேர்வில் முறைகேடு சந்தேகம் என்று ஏராளமானவர்களின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்சி மாறின பிறகு, மே மாதம், உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு அறிவித்தார்.

தடை போட்டோம், மடிக்கணினி கொடுத்தோம், டேட்டா கொடுத்தோம். 2025 பட்ஜெட்டில் மறுபடி 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றங்களைச் செய்த ஒரு மாநிலம், ஒரு கல்லூரியில் இந்த வருஷம், பக்கத்துக் கல்லூரியில் அடுத்த வருஷம் என்று திட்டமிட்டுக் கொடுத்திருந்தால் உலகத்துக்கே விடை கிடைத்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கேள்வி

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், என் அக்கா பையன். ஜிஎஸ்டி சாலையில் ஒரு கல்லூரியில் பி.இ. இரண்டாம் வருஷம். முதல் வருஷ முடிவில் நாலு அரியர். அக்கா சொல்வது ஒன்றுதான்: "டேய், நீ சொன்னா கேப்பான். அந்தப் போனப் பிடுங்கி பீரோவுல வெச்சாத்தான் உருப்படுவான்."

அவனோடு உட்கார்ந்து பேசினேன். "மாமா, போன் இல்லன்னா எக்ஸாம் எந்த ரூம்ல நடக்குதுன்னே எனக்குத் தெரியாது" என்றான். காட்டினான். பாடத்துக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று, பசங்களுக்கு ஒன்று என்று பதினோரு வாட்ஸ்அப் குரூப். அசைன்மென்ட் தேதி, ஹால் மாற்றம், மாதிரி வினாத்தாள், எல்லாம் அதில்தான் வருகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை அந்தக் கல்லூரி எப்போதோ நிறுத்திவிட்டது. அதே திரையில், விரலை ஒரு தரம் தள்ளினால் ரீல்ஸ்.

அவன் பெஞ்சில் உட்காரும் பையன் கதை இன்னும் முக்கியம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கூடுவாஞ்சேரியில் மூணு பேரோடு ரூம் எடுத்துப் படிக்கிறான். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வகுப்பில் கணக்கு ஆங்கிலத்தில் ஓடும்போது பாதி புரியாது. ராத்திரி யூடியூபில் தமிழில் யாரோ ஒருவர் அதே கணக்கைப் போடுவதைப் பார்த்துத்தான் பாஸ் ஆனான். வகுப்பில் புரியாத அந்த நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "டெஸ்க்குக்குக் கீழ இன்ஸ்டா பாப்பேன்ண்ணா" என்றான். ஒரே போன் ராத்திரி அவனுக்கு வாத்தியார், பகலில் வகுப்பிலிருந்து தப்பிக்கிற ஜன்னல்.

இந்த இரண்டாவது பையனைப் பற்றித்தான் சமீபத்திய ஆய்வுகள் பேசுகின்றன. இங்கிலாந்தில் 91 பள்ளிகளை எடுத்து, போனைத் தடை செய்வதற்கு முன்னும் பின்னும் தேர்வு முடிவுகளைப் பார்த்தார்கள் லூயி-பிலிப் பெலாண்டும் ரிச்சர்ட் மர்ஃபியும். மொத்தத்தில் சின்ன முன்னேற்றம். ஆனால் பிரித்துப் பார்த்தால், நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தடையால் ஒரு மாற்றமும் இல்லை. பின்தங்கியவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்புறம் 2025-ல் நம் நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை வெளிவந்தது. ஆல்ப் சுங்கு உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியாவில் 10 உயர்கல்வி நிறுவனங்களில், கிட்டத்தட்ட 17,000 மாணவர்களை வைத்துச் செய்தது. குலுக்கல் முறையில் பிரித்து, சில வகுப்புகளில் மட்டும் உள்ளே நுழையும்போது போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மார்க் 0.086 திட்டவிலக்கம் கூடியது. நூறு பேரில் நடுவில் நிற்கிற ஒருவன் மூணு, நாலு இடம் முன்னால் போவதற்குச் சமம். பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஒரு மரப்பெட்டி போதும். இங்கேயும் அதிகம் பலன் அடைந்தவர்கள் முதல் வருஷ மாணவர்களும், மார்க் குறைவாக எடுக்கிறவர்களும். ஆச்சரியம் என்னவென்றால், போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த மாணவர்களே அப்புறம் இந்தக் கட்டுப்பாட்டை அதிகமாக ஆதரித்தார்கள்.

சேர்த்துப் பார்த்தால்

2005 உத்தரவில் ஒரு பாதி சரியாகத்தான் இருந்தது என்று இப்போது சொல்லலாம். வகுப்பு நேரத்தில் போன் இல்லாமல் இருப்பது படிப்புக்கு நல்லது, அதுவும் தடுமாறுகிற பையனுக்குக் கூடுதல் நல்லது. ஆனால் அதை ஜீன்ஸோடு கட்டி ஒழுக்கப் பிரச்சினையாக ஆக்கினதால், மாணவர்கள் அதை அவமானமாகப் பார்த்தார்கள், நிர்வாகங்கள் அபராதம் வாங்கும் வழியாகப் பார்த்தன, யாரும் பலனை அளக்கவில்லை.

போனை மொத்தமாகப் பிடுங்குவதில் நியாயம் இல்லை என்பதும் அதே அளவுக்குத் தெரிகிறது. திருவண்ணாமலைப் பையனுக்கு ராத்திரி எட்டு மணி யூடியூபை எடுத்துவிட்டால் பதிலுக்கு டியூஷன் வைக்க யார் இருக்கிறார்கள்? வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு மாற்று வழி இருக்கும். போன் தரும் நன்மையும் கெடுதலும் ஒரே ஆள் தலையில்தான் அதிகமாக விழுகிறது, அவன் முதல் தலைமுறை மாணவன். அதனால் எத்தனை மணி நேரம் என்கிற கணக்கைவிட, எந்த மணி நேரம் என்கிற கணக்குதான் உதவும் என்று எனக்குப் படுகிறது.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். பீரோ வேண்டாம். ரயிலில் பார்க்கட்டும், வீட்டில் பார்க்கட்டும். வகுப்பு நடக்கிற நேரம் மட்டும் போன் அணைந்து பைக்குள் இருக்கட்டும், படுக்கிற அறைக்குள் வர வேண்டாம். பையன்கள் இரண்டு பேரும் இந்த செமஸ்டர் முழுக்க சேர்ந்து செய்து பார்க்கிறோம் என்றார்கள். ஒருத்தன் எடுத்தால் இன்னொருத்தன் டீ வாங்கித் தர வைப்பான் என்று ஒப்பந்தம். அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. "பாக்கலாம்" என்றாள்.

கல்லூரி செய்ய வேண்டிய பங்கும் ஒன்று இருக்கிறது. வகுப்பில் போன் கூடாது என்று சொல்லிவிட்டு, ஹால் மாற்றத்தைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. காலை ஒன்பது மணிக்குள் எல்லா அறிவிப்பும் ஒரே இடத்தில், பலகையிலும் சேர்த்து ஒட்டப்பட்டால் பாதிப் பையன்களுக்குப் போனை வெளியே எடுக்கும் சாக்கு போய்விடும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் எத்தனை கல்லூரி இருக்கிறது! இதைப் படிக்கிறவர்களில் யாராவது அங்கே பாடம் எடுப்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். முதல் வருஷத்தில் இரண்டு செக்ஷனுக்கு வாசலில் பெட்டி வையுங்கள், இரண்டு செக்ஷனுக்கு வைக்காதீர்கள். எந்த செக்ஷன் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். செமஸ்டர் முடிந்ததும் உள் மதிப்பீட்டு மார்க்கையும் அரியர் எண்ணிக்கையையும் பெயர் இல்லாமல் எனக்கு அனுப்புங்கள். கணக்குப் போட்டு, எப்படி வந்தாலும் அப்படியே இங்கே எழுதுகிறேன்.